கடிக்காத ஷூ

என் ராசாத்திக்கு,

நீ, பிள்ளைங்க, அம்மா எல்லாரும் சௌக்கியம்தானே? எனக்கு ஒரு குறையும் இல்லை. சர்க்கரை ஏறியிருக்கு, தினமும் நடக்கணும்னு கம்பெனி டாக்டர் சொன்னாரே, அதுக்கு ஷூ வாங்கிட்டேன். சாயங்காலம் கால் லேசா வீங்கியிருக்கும்போது போட்டுப் பார்த்தாதான் அளவு சரியா வரும்னு கடைக்காரர் சொன்னார். எங்கேயும் கடிக்கலை. கல்யாணத்தன்னிக்கே புதுச் செருப்பு கடிச்சு நொண்டினவன் நான், உனக்குத் தெரியாததா!

நேத்து ஒரு கூத்து. பூங்காவைச் சுத்தி வேர்க்க விறுவிறுக்க நடந்துட்டு வந்தா, அறைச் சாவியைக் காணோம். கூட இருக்கிற வெல்டர்தான் கதவைத் திறந்தான். ஷூவைக் கழட்டினா, உள்ளேயிருந்து சாவி விழுது! மறக்கக் கூடாதுன்னு நானேதான் அதுக்குள்ள போட்டு வெச்சிருந்தேன். அவன் விழுந்து விழுந்து சிரிச்சான். நானும் சிரிச்சேன். உள்ளங்கால்ல சாவியோட பல் அப்படியே பதிஞ்சிருந்துச்சு.

யாராவது இந்தப் பக்கம் வந்தா பருத்தி சாக்ஸ் கொடுத்தனுப்பு. வெள்ளையா இருக்கட்டும், காயம் பட்டா கண்ணுக்காவது தெரியும்.

வண்டி வந்துடுச்சு, ஹாரன் அடிக்கிறான். இன்னொண்ணு. அப்பாவுக்குக் காலை எடுத்தாங்களே, அது முதல்ல எப்படி ஆரம்பிச்சுதுன்னு அம்மாகிட்ட பேச்சுவாக்குல கேட்டு எழுது. நான் கேட்டேன்னு சொல்லிடாதே.

உன் வீட்டுக்காரன்