எமிலின் காலில் கட்டிய கத்தி

தாழ்வுபாடு,
மன்னார்.
தவக்காலம் இரண்டாம் ஞாயிறு

அன்பு மகன் கொலின்சுக்கு,

நீயும் மருமகள் அபிசாவும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க மாதாவை மன்றாடிக்கொண்டு எழுதுகிறேன். நாங்கள் எல்லோரும் சுகம் என்று அடுத்த வரியில் எழுத எனக்கு இன்னும் துணிவு வரவில்லை, உன் தம்பி எமில் உயிரோடு இருக்கிறான், எழும்பி நடக்கிறான், சோறு தின்கிறான், அதை முதலில் மனதில் போட்டுக்கொண்டு மிச்சத்தை வாசி. போன கிழமை போனில், அபிசாவின் தம்பி தனஞ்சயனுக்கு நீ செய்து கொடுத்த கத்தியை உடனே திருப்பி வாங்கு என்று சொன்னேன், ஏனம்மா என்று சிரித்தாய், நான் போனை வைத்துவிட்டேன். போனில் சொன்னால் நீ இடையில் இடையில் கதைத்து என்னைக் குழப்புவாய், இல்லாவிட்டால் அழுவாய், இரண்டையும் கேட்கிற தெம்பு எனக்கு இல்லை. உன் சித்தப்பாவின் மகள் டிலோஜினி ஒஸ்லோவுக்குத் திரும்புகிறாள், அவளிடம் இந்தக் கடிதத்தோடு ஒரு பொதியும் தந்துவிடுகிறேன், மேலே பாரைக் கருவாடும் ஒடியல் மாவும் இருக்கும், அடியில் அப்பாவின் பழைய சாரத்தில் சுற்றியது ஒன்று இருக்கும், கடிதத்தை முழுக்க வாசித்துவிட்டு அதை அவிழ்.

நீ மார்கழியில் நத்தார்ப் பெருநாளுக்கு எமிலுக்கு அனுப்பிய கத்திதான் அது, இரண்டு துண்டாக. உனக்குச் சொல்லக்கூடாது என்று எமில் என்னிடம் சத்தியம் வாங்கப் பார்த்தான், நான் செய்து கொடுக்கவில்லை. வாடைக்காற்று அடங்கிக் கடல் தெளிந்ததும் அவனும் வஸீரும் சங்கு குளிக்கப் போனார்கள், வஸீரை உனக்கு நினைவிருக்கும், உன்னோடு பந்தடித்தவன், இப்போது எமிலோடு ஒரே படகில் போகிறான். எங்கேயோ அறுந்து வந்த ரோலர் இழுவைப்படகின் வலை ஒன்று அடியில் கல்லில் சிக்கிக் கிடந்திருக்கிறது, மண் கலங்கியதில் எமில் அதைக் காணவில்லை, முதுகில் இருந்த காற்றுச் சிலிண்டரிலும் ஒரு காலிலும் மாட்டிக்கொண்டது. மற்றக் காலில் ரியூப் றப்பரால் கட்டியிருந்த உன் கத்தியை உருவி அறுத்திருக்கிறான், தொடக்கத்தில் நன்றாக அறுத்ததாம், உண்மையில் அறுத்ததோ உன்னைக் காப்பாற்றச் சொல்கிறானோ எனக்குத் தெரியாது. தடித்த கயிறு வந்த இடத்தில் கத்தியை உள்ளே விட்டு நெம்பினான், பிடி கையில் இருக்க அலகு போய்விட்டது. யோசித்துப் பார் மகன், கடலடியில், காற்று குறைந்துகொண்டு போக, வெறும் மரப்பிடியைப் பிடித்தபடி உன் தம்பி. நான் அந்த நேரம் சந்தையில் முருங்கைக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

குமிழி ஒரே இடத்தில் வருகிறதைக் கண்டு வஸீர் திரும்பி நீந்தி வந்திருக்கிறான். தன்னுடைய கறள் பிடித்த சந்தைக் கத்தியால் வெட்டி எமிலை இழுத்தெடுத்தான், வலைத்துண்டோடு சேர்ந்து உன் கத்தியின் அலகும் படகுக்கு வந்தது. பதறிப்போய் விறுவிறென்று மேலே வந்ததில் எமிலுக்குக் கால் இரண்டும் மரத்துவிட்டன, ஆஸ்பத்திரியில் ஒக்சிசன் வைத்துப் படுக்க வைத்திருந்தார்கள், விரலை அசை தம்பி, விரலை அசை தம்பி என்று அப்பா கட்டிலடியில் நின்று கெஞ்சியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அசைத்தான். உயிர்த்த ஞாயிறு முடியும்வரை கடலில் இறங்கக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார்.

பிழை உன்னுடையது மட்டும் என்று நான் சொல்லவில்லை. எங்கள் கரையில் புதுக்கத்தி யார் வாங்கினாலும் முதலில் அதைப் படகுப் பலகையில் குத்தி, உடம்புப் பாரத்தைக் கொடுத்து நெம்பிப் பார்ப்பார்கள், அதில் தப்பினால்தான் காலில் ஏறும். உன்னுடையதை யாரும் குத்தவில்லை. நோர்வேயில் இருந்து வந்தது, அண்ணன் தன் கையால் செய்தது, கீறல் விழுந்துவிடும் என்று எமில் விடவில்லை. நானும் அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய் பங்குச் சுவாமியிடம் தீர்த்தம் தெளிப்பித்து, கண்ணாடி அலுமாரியில் வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினேன். மந்திரித்த பொருளைச் சோதிக்கிறதா என்று அப்பாவும் விட்டுவிட்டார். எமில் தேங்காயெண்ணெய் பூசிப் பூசித் துடைத்தான், உப்புத் தண்ணீரில் கறள் பிடிக்கிற இரும்பைச் சங்கு குளிக்கிறவனுக்குக் கொடுக்கலாமா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்பா இரண்டு துண்டையும் முருங்கனில் இரும்புப் பட்டறை வைத்திருக்கிற தம்பு அண்ணரிடம் கொண்டுபோனார். முறிந்த வாயை நீயும் வெளிச்சத்தில் பிடித்துப் பார், பாதி கறுத்துக் கறளேறி இருக்கிறது, மற்றப் பாதி புதிதாக மினுங்குகிறது. இது கடலில முறியேல்லை, கறுத்த பக்கம் செய்யேக்கையே வெடிச்சிட்டுது, மிச்சம்தான் கடலில போனது என்றாராம். அதைக் கேட்டதும் எனக்கு உன் குரல் காதில் வந்தது. பழுக்கக் காய்ச்சிய அலகை, எண்ணெய் இல்லையென்று பச்சைத் தண்ணீரில் தோய்த்தேன் அம்மா, டிக் என்று ஒரு சத்தம் கேட்டது, இரும்பு இறுகுகிற சத்தம் என்று சொல்லிப் போனில் சிரித்தாயே, அதுதான் வெடித்த சத்தம் மகன். வெடிப்பு பிடிக்குள் மறைந்துபோக, நீ பசை போட்டு ஒட்டிவிட்டாய். தோய்த்த பிறகு இளஞ்சூட்டில் வைத்து ஆறவிட்டால்தான் முறியாமல் வளையுமாம், நீயோ கேக் சுடுகிற அடுப்பில் கத்தி வைக்க அபிசா விடவில்லை என்று அந்த வேலையையே விட்டுவிட்டாய். அவளை ஒன்றும் சொல்லாதே, கேட்டவள் பிழையில்லை, விட்டவன் பிழை. பிடிக்குள் போகிற வால் தொடங்கும் மூலையை வளைவாக விடாமல் சதுரமாக வெட்டியிருக்கிறாய், முறிகிறதற்கு நீயே இடம் காட்டிக் கொடுத்த மாதிரி. நுனியில் நீலமாக ஓடியிருக்கிறதே, வடிவாக இருக்கிறது என்று படம் அனுப்பினாய், அது சாணையில் சூடேறி எரிந்த இடமாம், தண்ணீரில் அடிக்கடி தோய்த்துத் தோய்த்துப் பிடித்திருக்க வேண்டும். தொடங்குகிற எல்லாரும் விடுகிற பிழைகள்தான் இவை, தானும் விட்டவர்தான் என்று தம்பு அண்ணர் உனக்காகப் பரிந்து பேசினாராம். இருக்கட்டும். தொடங்குகிறவன் முறிக்கலாம், பழகலாம், ஆனால் முதல் கத்தியைக் கூடப் பிறந்த தம்பியின் காலில் கட்ட அனுப்பலாமா. எனக்குக் கோபம்தான், ஒளிக்கவில்லை.

இனி நீ கத்தியே செய்யக்கூடாது என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். வஸீர் வாங்கி வந்த நல்ல சந்தைக் கத்தியை எமில் யன்னலில் வைத்துவிட்டான், தொடவில்லை. நேற்று நான் ஏசின ஏச்சுக்கு, அண்ணாவுக்கு இது தெரிய வந்தா அவர் இனிமேல் ஒண்டையும் கையால தொடமாட்டார் அம்மா, அவர் இன்னொண்டு செய்யவேணும், அதைக் கட்டிக்கொண்டு நான் கடலுக்குப் போகவேணும் என்றான். நான் மாட்டேன் என்றேன். அவன் உன்னை அறிந்த அளவு நான் அறியவில்லையோ என்று பிறகு அழுகை வந்தது.

ஆகவே செய். ஒரே இரும்பில், ஒரே நெருப்பில், ஒரே மாதிரி இரண்டு செய். ஒன்றை வைஸின் இடுக்கில் பூட்டி முறியும்வரை அடி, மனம் கேட்காது, ஆனாலும் அடி. முறிந்ததை எனக்கு அனுப்பு.

தனஞ்சயனிடம் கத்தியை வாங்கிவிட்டாயா என்று உடனே சொல்லு. அபிசாவுக்கு என் முத்தங்கள். மாதா உன் கையையும் கண்ணையும் காக்கட்டும், சாணை பிடிக்கும்போது கண்ணாடி போடு. முறிக்காத மற்றக் கத்தியையும் என் கைக்கே அனுப்பு, எமிலுக்கு நேரே அனுப்பாதே, அவன் அப்படியே கட்டிக்கொண்டு போய்விடுவான். முறிந்ததன் வாயை நான் யன்னல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கறுப்பு ஒரு மயிரளவு இருந்தாலும் மற்றதைக் கிணற்றில் போடுவேன். இல்லாவிட்டால் அவன் காலில் நானே கட்டி அனுப்புவேன்.

உன் அம்மா
எடித் கிறகரி