சீட் இறங்காது என்றீர்கள்

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். அறுபதைத் தாண்டிய பிறகு நான் சைக்கிள் கற்றுக்கொள்வதாக ராபர்ட்சன்பேட்டையில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. பதினோரு வயதில், கான்வென்ட் மைதானத்தில், சிஸ்டர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான் சைக்கிள் கற்றுக்கொண்டுவிட்டேன். இப்போது செய்வது சைக்கிளைச் சீர்செய்யும் வேலை. இரண்டும் வேறு வேறு என்பது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

மேசைமேல் ஒரு செய்தித்தாளில் உங்கள் சீட் பில்லர் கிடக்கிறது. சீட்டைத் தாங்கிக்கொண்டு சைக்கிள் சட்டத்துக்குள் இறங்கியிருந்த அந்த அலுமினியக் குழாய்தான். நீளவாக்கில் பிளந்து, ஓரம் உள்பக்கம் மடிந்து, பார்க்கச் சகிக்கவில்லை. அதன்மேல் சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. முகர்ந்து பார்த்தேன். ஈரத் தகரத்தின் வாடை மட்டும் இருக்கிறது. கிரீஸ் வாடை துளியும் இல்லை. அதுதான் என்னை உட்காரவிடவில்லை. இந்தக் கடிதத்தைத் தொடங்கியதிலிருந்து இரண்டு முறை எழுந்து கூடத்துக்குப் போய்ப் பிரேக்கை அழுத்திப் பார்த்துவிட்டு வந்தேன். பிரேக் நன்றாகத்தான் பிடிக்கிறது.

நீங்கள் ஓய்வுபெற்ற ஆண்டு, வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்த நம் மகன் மோகன் அந்தச் சைக்கிளை ஓர் அட்டைப்பெட்டியில் கொண்டுவந்தான். அவன் அங்கே மலைப்பாதைகளில் ஓட்டிய வண்டி. கார்பன் நாரைப் பசையில் ஊறவைத்து இறுக்கிச் செய்த சட்டம்; முன்சக்கரத்துக்கு மட்டும் குலுக்கல் தாங்கும் ஃபோர்க். காலமெல்லாம் புல்டோசர் செய்யும் தொழிற்சாலையில் நின்ற நீங்கள், அந்தச் சட்டத்தை ஒரு விரலில் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். ஏதோ திருட்டுத்தனம் நடந்துவிட்டது போன்ற முகம். பிறகு தரையில் பழைய பெட்ஷீட்டை விரித்து, அன்று மாலையே எல்லாவற்றையும் பூட்டி முடித்தீர்கள். சீட் பில்லரை உள்ளே இறக்குமுன் துணியால் அழுத்தித் துடைத்தீர்கள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு பலகாரத் தட்டைத் துடைப்பது போல அவ்வளவு கவனமாகத் துடைத்தீர்கள்.

மோகனுக்கு என் உயரம். உங்கள் உயரம் அவனுக்கு வரவில்லை. அதனால் பில்லரைக் கூடியவரை மேலே இழுத்துவைத்து உங்களுக்குப் பொருத்தினீர்கள். மறுநாளிலிருந்து காலையில் பேத்தமங்களா ஏரிக்குப் போய்வர ஆரம்பித்தீர்கள். திரும்பும்போது ஹேண்டில்பாரில் கீரைக்கட்டு தொங்கும். காப்பி ஆறுகிற வரைக்கும் ஏரியைச் சொல்வீர்கள். இன்று தண்ணீர் மதகுக்கு எவ்வளவு கீழே, எந்தப் பக்கம் நாரை, கரையில் யார் மாடு. நாம் குடிக்கிற தண்ணீர் வருகிற ஏரி அது. அதை நான் கடைசியாகப் பார்த்தது பள்ளிக்கூடத்துப் பெண்ணாக, அப்பா துணிக்கடையில் இல்லாத ஒரு நாள், அவருடைய சைக்கிளில் போய். வாங்கிய அடியும் நினைவிருக்கிறது, தண்ணீரும் நினைவிருக்கிறது.

வண்டி வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. ஒரு நாள் நீங்கள் பெடலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கேட்டேன், சீட்டைக் கொஞ்சம் இறக்கித் தர முடியுமா, நாளைக்கு நான் போய்வருகிறேன் என்று. நீங்கள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"அது எறங்காது, கான்வென்ட்டு. அப்பிடியே இருக்கட்டும், வுடு. ஏரியதான பாக்கணும்? ஸ்கூட்டர்ல கூட்டிக்கினு போறேன்."

கான்வென்ட்டு என்று என்னைக் கூப்பிட உங்களுக்கு மட்டும்தான் அனுமதி இருந்தது. இறங்காது என்றால் இறங்காது என்று எடுத்துக்கொண்டேன். நீங்கள் தொழிற்சாலையில் சோதனை அதிகாரி. ஒரு பாகத்தைப் பற்றி நீங்கள் சொன்னால் மறுபேச்சு கிடையாது. அங்கேயும் கிடையாது, வீட்டிலும் கிடையாது. ஸ்கூட்டரில் நான் வரவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று நான் கேட்கவில்லையே.

நீங்கள் போன பிறகு சைக்கிள் கூடத்திலேயே நின்றது. வருகிறவர்கள் எல்லோரும் அதை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டார்கள். தங்கச் சுரங்கத்தை மூடிவிட்டார்கள், ஊரில் பாதிப் பேர் தட்டுமுட்டுச் சாமானை விற்றுக்கொண்டிருக்கிறார்கள், நானும் அந்த வரிசையில் சேர வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை. ஒரு காலை அதன்மேல் போட்டிருந்த விரிப்பை எடுத்துவிட்டுப் பார்த்தேன். முன் ஃபோர்க்கின் உள்ளே இருந்த ரப்பர் உருகிப் பிசினாகக் கசிந்திருந்தது. பிரேக் கட்டைகள் கல்லாகியிருந்தன. மோகனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "எதுக்கும்மா இதெல்லாம்? ஓட்ட ஆள் யாரு?" என்றான். அந்த ஆள்தான் உன்னோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்றேன். என்னென்ன வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டான். பிறகு, கேட்டதையெல்லாம் அனுப்பினான்: புது ஃபோர்க், நீளக் கைகள் உள்ள புது மாதிரி பிரேக், ஏற்றத்துக்கு உதவும்படி தட்டளவு பெரிய பல்சக்கரம் வைத்த பின் கியர், அதற்கேற்ற சங்கிலி, ஹேண்டில்பாரை உயர்த்தும் துண்டு, கடைசியாக ஒரு புது சீட் பில்லர்.

வேலைக்குத் தேவராஜைக் கூப்பிட்டேன். புல்டோசர் பாகங்களைப் பூட்டும் அசெம்பிளிப் பிரிவில் உங்களோடு இருந்தவர், உங்களுக்கு அடுத்த ஆண்டு ஓய்வுபெற்றவர். அவரும் முதல் நாள் ஒரு விரலில் தூக்கிப் பார்த்தார். "இன்னா அண்ணி இது, எடையே இல்ல. இதுக்கு எதுக்குப் பிரேக்கு? காத்தடிச்சா தானா நின்னுக்கும்" என்றார். ஃபோர்க்கை மாற்றினோம். பிரேக்கை மாற்றினோம். கியரும் சங்கிலியும் ஏறின. சீட் பில்லர் மட்டும் அசையவில்லை. சட்டத்தை நான் பிடித்துக்கொள்ள, அவர் சீட்டோடு சேர்த்துத் திருகினார். பக்கத்து வீட்டுக் கோகிலா மதிலுக்கு மேலாகத் தலையை நீட்டி, "இன்னாக்கா, ரேசுக்குப் பேரு குடுத்துட்டீங்களா?" என்று கேட்டாள். புடவையைத் தவிர வேறு எதிலும் என்னைப் பார்க்காதவள். நான் தைக்கக் கொடுத்த சுடிதாரைப் பற்றி அதற்குள் தையல்காரர் சொல்லியிருப்பார். பேர் கொடுத்தால் உன் வீட்டுக்காரரைத் தோற்கடித்துவிட்டுத்தான் வருவேன் என்று சொன்னேன். தலை உள்ளே போய்விட்டது.

தேவராஜ் மறுநாள் கேஸ் விளக்கோடு வந்து நின்றார். ரெண்டு நிமிஷம் நெருப்பு காட்டினால் தன்னால் கழன்றுகொள்ளும் என்றார். உங்கள் தொழிற்சாலை ஆட்கள் எல்லோருக்கும் இதே வைத்தியம்தான், எது சிக்கினாலும் சூடு. நல்லவேளை, நீங்கள் அந்தச் சட்டத்தைப் பற்றி முதல் நாளே சொன்னது எனக்கு மறக்கவில்லை. "இது இரும்பு இல்ல, பசை. பசைக்கு நெருப்பு ஆகாது." அதை அப்படியே அவரிடம் சொன்னேன். விளக்கை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

மிச்சம் இருந்தது ஒரே வழி. பில்லரைச் சட்டத்துக்கு ஒரு விரற்கடை மேலே அறுத்துவிட வேண்டும். பிறகு உள்ளே ரம்பத் தகட்டை விட்டு, குழாயை உள்பக்கமிருந்து நீளமாகக் கீறிக்கொண்டே வர வேண்டும். அலுமினியம் அறுபட வேண்டும், அதற்கு வெளியே இருக்கும் கார்பனைத் தொடக்கூடாது. அறுத்தால் அது திரும்ப ஒட்டாது. உங்கள் உயரம் அந்த வண்டியில் இனி கிடையாது. தேவராஜ் என் முகத்தைப் பார்த்தார். ஆரம்பியுங்கள் என்றேன். மேல்துண்டைச் சீட்டோடு அவர் அறுத்தார். உள்ளே கீறும் வேலையை அவரிடம் விடவில்லை. அவருடைய கை புல்டோசர் கை; அழுத்தாமல் இருக்க அதற்குத் தெரியாது. தகட்டின் ஒரு முனையில் துணி சுற்றிக்கொண்டு நானே அறுத்தேன். காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம். சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு வந்து அறுப்பேன், விசில் வந்தால் எழுந்து போவேன், மறுபடி வருவேன். வேறு எதிலும் மனம் நிற்கவில்லை.

கடைசியில் குறட்டால் நெருக்கி இழுத்தபோது அது பாம்புச் சட்டை போல மடிந்து வெளியே வந்தது. தேவராஜ் அதை வாங்கி, விரலால் உள்ளும் புறமும் தடவிப் பார்த்தார்.

"காஞ்சி போயிருக்கு, அண்ணி. ஒரு சொட்டு கிரீஸ் இல்ல." பிறகு சிரித்தார். "அண்ணன் சைக்கிளையும் புல்டோசர் மாதிரியே மாட்டியிருக்காரு."

அவர் விளக்கியதைச் சுருக்கிச் சொல்கிறேன். உங்கள் அசெம்பிளியில் பெரிய சக்கரங்களை அச்சில் அழுத்தி ஏற்றும்போது எண்ணெய்ப் பசை இருக்கக்கூடாது. இருந்தால் சுமை ஏறியதும் வழுக்கும். நீங்கள் விரலால் தொட்டுப் பார்ப்பீர்களாம். விரல் மினுங்கினால் மஞ்சள் சாக்பீஸில் பெருக்கல் குறி போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவீர்களாம். 'புடிப்பு வேணும்ற எடத்துல எண்ணெ ஆகாது' என்பது அங்கே உங்கள் வேதவாக்கு. அந்தப் பழக்கத்தில் இதையும் துடைத்துக் காயவைத்து இறக்கியிருக்கிறீர்கள். அலுமினியமும் கார்பனும் உங்கள் வியர்வையும் சேர்ந்து ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டன. தேவராஜுக்கு அதோடு விஷயம் முடிந்துவிட்டது. காப்பி குடித்துவிட்டுப் போனார்.

எனக்கு முடியவில்லை. அப்படிக் கவ்விக்கொள்ளப் பல மழைக்காலங்கள் ஆக வேண்டும். நான் கேட்டது முதல் மாதத்தில். அன்று அது இறங்கியிருக்கும். நீங்கள் கை வைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஒரு பாகத்தைத் தொடாமல் அதைப் பற்றித் தீர்ப்புச் சொன்னதை உங்கள் வாழ்நாளில் நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

புதுப் பில்லருக்குத் தேவராஜ் சொன்னபடி மெல்லிசாகக் கிரீஸ் பூசி, என் அளவுக்கு இறக்கி, போன வாரம் பேத்தமங்களாவுக்குப் போனேன். கோகிலா வாசலில் நின்று பார்த்தாள், கேலி செய்யவில்லை. ஏற்றத்தில் அந்தத் தட்டுப் பல்சக்கரம் வேலை செய்தது. மூச்சு வாங்கியது, இறங்கித் தள்ளவில்லை. தண்ணீர் மதகுக்கு நன்றாகக் கீழே இருந்தது. நாரை இடதுபக்கம். நீங்கள் சொன்னதற்கும் நான் பார்த்ததற்கும் ஒரு வித்தியாசம்கூட இல்லை, அது எரிச்சலாகவும் இருந்தது.

கரையில் கீரை விற்கிற அம்மாள் என்னைப் பார்க்குமுன் வண்டியைப் பார்த்தாள். தெலுங்கு கலந்த தமிழில், "சாரு ஊட்டம்மாவா நீங்க?" என்றாள். ஆமாம் என்றேன். நீங்கள் வராமல் போனதற்குக் காரணம் அவளுக்கு யார் மூலமோ தெரிந்திருந்தது. கீரையைக் கட்டிக்கொண்டே சொன்னாள்:

"சாரு தெனம் சொல்லுவாரு. நான் ஓட்றது இன்னா ஓட்றதும்மா, எங்க ஊட்டம்மா ஓட்டி நீ பாக்கணும், அவங்க மாதிரி இந்த ஊர்ல யாரும் கெடையாதுன்னு."

நான் ஓட்டி நீங்கள் பார்த்ததே இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு நான் சைக்கிளைத் தொடவே இல்லை. பின் எதை வைத்து அவளிடம் அப்படிச் சொன்னீர்கள்? அவ்வளவு பெருமை பேசிவிட்டு வீட்டுக்கு வந்து என்னிடம் ஏன் இறங்காது என்றீர்கள்? விழுந்து எலும்பை உடைத்துக்கொள்வேன் என்ற பயமா? இல்லை, காலையில் ஒரு வழி உங்களுக்கென்று தனியாக வேண்டியிருந்ததா? எதுவானாலும் நான் தாங்கிக்கொள்வேன். தெரியாமல் இருப்பதுதான் முடியவில்லை. பிளந்த குழாயைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டுதான் ஏரிக்குப் போனேன். இனி போகும்போதும் அது என்னோடு வரும்.

நீங்கள் இரண்டாம் ஷிஃப்டில் இருந்த வருடங்களில் நாம் எப்படிப் பேசிக்கொண்டோம் என்று நினைவிருக்கும். நான் அப்பாவின் கடைக் கணக்கு முடித்து வருவதற்குள் நீங்கள் போயிருப்பீர்கள். கேட்க வேண்டியதைச் சமையலறைக் கதவின் உள்பக்கம் எழுதிவைப்பேன். தூங்கி எழுந்து பார்த்தால் மஞ்சள் சாக்பீஸில் ஒரு சரிக்குறி இருக்கும், இல்லாவிட்டால் ஒரு பெருக்கல். கதவில் நீங்கள் போட்ட குறி ஒன்றுகூடப் பொய்த்ததில்லை. சீட் விஷயத்தை மட்டும் வாயால் கேட்டுத் தொலைத்தேன்.

இன்று காலை அதைக் கதவில் எழுதிவைத்திருக்கிறேன். 'அன்று சீட் இறங்கியிருக்குமா? இறங்கும் என்றால், ஏன் இறக்கவில்லை?' உங்கள் பழைய சாக்பீஸ் டப்பா கீழ்த்தட்டிலேயே இருக்கிறது. இந்த முறை குறி போதாது. முழு வாக்கியமாகப் பதில் எழுதுங்கள்.