எதிர்வீட்டு வாசலில் உன் ஷூ

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் சௌக்கியம், அவருடைய இருமலும் சௌக்கியமாகத்தான் இருக்கிறது. நீயும் மருமகளும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீ வாங்கிப்போட்ட எதிர்வீட்டுச் சேதிக்கு வருகிறேன். அங்கே குடியிருந்த பஸ் டிரைவர் குடும்பத்தைக் காலி பண்ணவைத்து நாள் வாடகைக்கு விட்டாயே, அன்றிலிருந்து என் பிழைப்பு சிரிப்பாய்ச் சிரிக்கிறது. சக்கரப்பெட்டியைத் தடதடவென்று இழுத்துக்கொண்டு வருகிறவர்களெல்லாம் வெந்நீர் எப்படி வரும், வைஃபை எப்படி வரும் என்று என் கதவைத்தான் தட்டுகிறார்கள். நீ முதலாளி, நான் சம்பளமில்லாத வேலைக்காரி, ரொம்ப அழகு. டிரைவர் இப்போது மனைவி மக்களோடு ஊருக்கு வெளியே ஒற்றை அறையில் இருக்கிறார். காலையில் முதல் பஸ்ஸை எடுக்க வருவதற்கு அவருக்கே பஸ் இல்லையாம். சுற்றிப் பார்க்க வருகிறவனுக்குத் தெருத்தெருவாக வீடு, பஸ் ஓட்டுகிறவனுக்கு வீடில்லை, நல்ல ஊர்!

வீட்டு முதலாளியே குடியிருக்கிற வீட்டைத்தான் நாள் வாடகைக்கு விடலாம், மற்றதை வருஷக் குடித்தனத்துக்குத்தான் விடவேண்டும் என்று நகராட்சி சட்டம் போட்டதும் நீ போனில் சொன்ன யோசனை இருக்கிறதே! நீ எதிர்வீட்டிலேயே குடியிருப்பதாக நாங்கள் சொல்லணுமாம், குளியலறையில் உன் பிரஷ் இருக்கணுமாம், வாசலில் உன் ஷூ கிடக்கணுமாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத்தான் அவ்வளவு படித்தாயா? உன் அப்பாவுக்கு நீ சொன்னால் வேதவாக்கு, பரணில் தேடி ஒரு ஜோடியை எடுத்துப் பளபளவென்று பாலிஷ் போட்டு வைத்தார். நீ இங்கே விட்டுப்போனது வேறென்ன இருக்கிறது, ஆறாம் வகுப்பில் போட்ட பள்ளிக்கூட ஷூதான்.

நேற்று நகராட்சியிலிருந்து சோதனைக்கு வந்த அம்மாள் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, உங்க பையனுக்கு என்ன வயசுங்க என்று கேட்டார். அப்பா சட்டென்று இருமத் தொடங்கிவிட்டார். நாற்பது என்றேன். இங்கதான் இருக்காரா என்றார். ஆமாம் என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? வாய் வரைக்கும் வந்ததடா. அஞ்சு வருஷமா எட்டிக்கூடப் பார்க்கலைங்க என்று சொல்லி அழுதுவிட்டேன்.

இனி நாள் வாடகை கிடையாது. கோபப்படுவாய், படு. டிரைவரைக் கூப்பிட்டுப் பேசி பழைய வாடகைக்கே வீட்டைக் கொடு, மறந்துவிடாதே. இருவரும் நூறு வயசு நன்றாக இருங்கள். எதிர்வீடும் போய்விட்டால் வந்து எங்கே தங்குவது என்று மட்டும் சாக்குச் சொல்லாதே, அம்மா வீட்டில் தங்க எந்தச் சட்டமும் இல்லை.

உன் அம்மா