உறைக்கு ஒரு கரண்டி

செவ்வாய், வடசமவெளி நிலையம்
பதிவு: ரெபேக்கா, வேதியியலர்

நாள் 211, 07:40
வழக்கமான பதிவு. வெளிக்கதவில் காற்று கசியாமல் அடைக்கும் கேஸ்கட் வளையத்துக்கு எஸ்டர் பூசினேன். கடைசிச் சொட்டுகள், பாதி வளையத்துக்குத்தான் வந்தன. படிப்பவருக்கு ஒரு விளக்கம்: இந்த கேஸ்கட் லாக்டிக் அமிலத்திலிருந்து செய்த பிளாஸ்டிக். சும்மா விட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கும், எஸ்டர் ஊறினால்தான் வளையும். அதுவும் மெல்ல மெல்ல ஆவியாகிவிடுவதால் ஓயாமல் பூச வேண்டும். எஸ்டர் செய்வது எளிது. பால்பவுடரைக் கரைத்து, பழைய தயிரில் ஒரு கரண்டி உறை ஊற்ற வேண்டும். புளித்ததும் அமிலத்தைப் பிரித்து, ஆல்கஹால் சேர்த்துச் சூடாக்கி, நீரை வடித்துவிட வேண்டும்.

இங்கே இருப்பது நாங்கள் இருவர்தான். தொழில்நுட்பர் இசக்கிராஜுக்கு என் வேதியியலில் பிடித்தது தயிர் மட்டும். உறைக்கு ஒரு கரண்டி மிச்சம் வை என்று தினமும் கத்துகிறேன்.

நாள் 212, 09:15
இசக்கிராஜ் சூரியத் தகடுகளில் தூசி துடைக்க வெளியே போயிருக்கிறான். மின்சாரம் குறைந்து, உள்ளே ஒரே குளிர். உறை ஊற்றலாமென்று கிண்ணத்தை எடுத்தேன். காலி. விரலால் வழித்த தடம் தெரிகிறது.

தின்றுவிட்டான். உறையையும் தின்றுவிட்டான், பாவி.

09:50
உறை இல்லை. அமிலம் இல்லை. எஸ்டர் இல்லை. அவன் போனபோது கேஸ்கட்டில் விரிசல் விழுந்திருக்கிறது. சோதித்தேன். இன்னும் ஒரே ஒரு முறை திறந்து மூடத் தாங்கும். அந்த ஒரு முறை, எங்களை ஏற்றிப்போக வந்துகொண்டிருக்கும் மீட்புக் கப்பலுக்கு. அவனுக்கு இல்லை.

அவனிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் கெஞ்சுவான், நான் திறந்துவிடுவேன். ரேடியோவை அணைத்தேன்.

11:30
கதவைத் தட்டுகிறான்.

12:10
இப்போது ஸ்பேனரால் தட்டுகிறான். கேஸ்கட் அதிர்கிறது. அறிவுகெட்டவன்.

13:05
நின்றுவிட்டது. அழுதேன்.

நாள் 213, 08:20
நான் ரேடியோவை அணைத்தாலும் நிலையம் தானே ஒலியைப் பதிவு செய்துகொள்ளும். நேற்று அவன் வெளியிலிருந்து பேசியதை இன்று போட்டுக் கேட்டேன்.

"யக்கா, கதவத் தொறங்க. கேக்குதா? கோவமா இருக்கியளா? கிண்ணத்தப் பாத்துட்டு ஏசாதிய, நான் திங்கலக்கா. தயிர வைக்கிற சூட்டுப்பெட்டி கெட்டுப்போச்சு. உறை குளிர்ல செத்துருமேன்னு டப்பால வழிச்சுப் போட்டு, விண்வெளி உடுப்புக்குள்ள நெஞ்சோட கெட்டி வச்சிருக்கேன். நீங்க அசந்து தூங்குனிய, அதான் எழுப்பல. இன்னும் வெதுவெதுன்னுதான் இருக்கு. தொறங்கக்கா."

08:45
தயிர்க் கிருமி குளிரில் சாகாது. கட்டியாகிக் கிடக்கும், வெதுவெதுப்பான பாலில் போட்டால் எழுந்துகொள்ளும். அது அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

சன்னல் வழியே பார்க்கிறேன். கதவில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான், இரண்டு கையும் நெஞ்சில். மூன்றடி தூரம். அதை எடுத்து வர இரண்டு முறை திறக்க வேண்டும். போக ஒன்று, வர ஒன்று. நேற்று அவனுக்குத் திறந்திருந்தால் ஒன்றே போதும்.

நாள் 216, 10:05
யாரும் தொடாமலே கேஸ்கட் விரிசல் விடுகிறது. அப்பளம் உடையும் சத்தம். காற்றழுத்தம் இறங்குகிறது. கப்பல் வரும்வரை தாங்காது.

10:40
காது வலிக்கிறது. இசக்கி, நீ தின்றிருக்கலாம்.

10:52
கண்டெடுப்பவரே, அவன் நெஞ்சில் இருக்கும் டப்பாவை எறிந்துவிடாதீர்கள். இந்த நிலையத்தில் உயிரோடு இருப்பது அது ஒன்றுதான். பாலை வெதுவெதுப்பாக்கி ஒரு கரண்டி வி