அகபாவில் ஒரு சித்தி

அக்டோபர் 5, ஞாயிறு

ஜோர்டானின் தென்கோடியில் கடலோரம் இருக்கும் அகபாவிலிருந்து வேலை உத்தரவு வந்துவிட்டது. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் பொறியாளர் வேலை. அப்பா அதை முழுதாகப் படிக்கக்கூட இல்லை. இங்கே இர்பிதிலேயே ஏதாவது பார்த்துக்கொள்ளலாம் என்றார். இன்னும் என்ன பார்ப்பது? படிப்பு முடிந்ததிலிருந்து பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். நகராட்சியில் ஒருவரிடம் சிபாரிசு சொல்லி வைத்திருக்கிறாராம். அந்த ஒருவர் ஓய்வே பெற்றுவிட்டார்.

என்னைவிடக் குறைந்த மதிப்பெண் வாங்கிய தம்பி லைத் தோஹாவுக்கு வேலைக்குப் போனபோது தெரு முழுக்க இனிப்பு கொடுத்தார். அவன் தனியாக இருந்தால் உழைப்பு. நான் தனியாக இருந்தால் ஊர் என்ன சொல்லும்? ஊரா எனக்குச் சோறு போடுது? எரிகிறது.

அக்டோபர் 7, செவ்வாய்

வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அகபாவுக்குப் பதில் எழுத வேண்டும். அப்பாவிடம் சொன்னேன். தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

அக்டோபர் 9, வியாழன்

எங்கள் தெருவில் யாருக்குப் பெண் கேட்க ஜாஹா கிளம்பினாலும் அந்தக் கூட்டத்துக்கு முன்னால் நடப்பது அப்பாதான். இன்று எதிர்வீட்டு அபூ ஸுஹைபின் மகனுக்காகப் போனார். வந்ததும் ஒரே பெருமை. பெண் வீட்டார் ஊற்றிய காபியை வாங்கித் தொடாமல் கீழே வைத்தாராம். பெண்ணின் அப்பா ஏதேதோ இழுத்தாராம். இவர் அசையவில்லையாம். கடைசியில், "குடிங்க, கேட்டது உங்களுக்கு" என்ற வார்த்தை வந்த பிறகுதான் கோப்பையைத் தொட்டாராம். கேட்டு வந்தவரின் காபியை ஆறவிடுவது அந்த வீட்டுக்கே அவமானமாம்.

ஊரான் பிள்ளைக்காக அசையாமல் உட்காரத் தெரிகிறது. பெத்த பொண்ணுக்கு?

அக்டோபர் 10, வெள்ளி



மதியம் பெரியப்பா நாயிஃப் குடும்பத்தோடு வந்திருந்தார். மன்ஸஃப் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு அம்மா எல்லோருக்கும் காபி ஊற்றிக்கொண்டு வந்தாள். என் கோப்பையை வாங்கி, அப்பாவுக்கு எதிரே மேசையில் வைத்தேன்.

"குடி, அரீஜ்" என்றார்.

"எனக்கு ஒரு காரியம் ஆகணும்ப்பா. ஆனதும் குடிக்கிறேன்."

பெரியப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்னடா இது, ஒத்தை ஆளா ஒரு ஜாஹா? அதுவும் மீசை இல்லாத ஜாஹா?"

அப்பா சிரிக்கவில்லை. பெரியவர்களின் வழக்கத்தை நான் விளையாட்டாக்குகிறேனாம். விளையாட்டா? இதைவிட சீரியஸா நான் எதையுமே செஞ்சதில்ல. அதையும் சொன்னேன். எழுந்து போய்விட்டார். அம்மா கோப்பையை எடுக்கக் குனிந்தாள். தொடாதே என்று கத்திவிட்டேன்.

அக்டோபர் 11, சனி

கோப்பை அங்கேயே இருக்கிறது. அம்மா அதைச் சுற்றித் துடைக்கிறாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

காலையில் அப்பா தானே அந்தக் கோப்பையைக் கழுவி, புதுக் காபி ஊற்றி என் முன் வைத்தார். குடி என்றார். அவர் கையை முத்தமிட எழுந்தேன். அதற்குள்—

"ஆனா யாரு கேட்டாலும், அகபால அம்மாவோட ஒண்ணுவிட்ட தங்கச்சி வீட்டுல தங்கியிருக்கேன்னு சொல்லணும்."

அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று ஒருத்தியும் இல்லை. அகபாவில் எங்களுக்கு ஒரு நாதியும் இல்லை. நான் கேட்டது வேலைக்குப் போக அனுமதி, அவர் கொடுத்தது ஒளிந்து போக அனுமதி.

குடித்தேன். கெடு இன்றோடு முடிகிறது, வேறு என்ன செய்ய? குடித்ததற்காக என்மேலேயே ஆத்திரம்.

நவம்பர் 2, ஞாயிறு

அகபா. ஒரு சின்ன வீடு எடுத்துத் தனியாக இருக்கிறேன். வேலை முதுகை ஒடிக்கிறது. பிடித்திருக்கிறது.

அம்மா போன் செய்தாள். தெருப் பெண்கள் சித்தியின் உடம்பைப் பற்றி விசாரித்தார்களாம். சர்க்கரை என்று சொல்லி வைத்திருக்கிறாளாம். நான் இங்கே பம்புகளோடு மல்லுக்கட்டுகிறேன். அங்கே நான் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் தங்கமான பெண். அந்த நல்ல பேர்கூட என் வேலையால் இல்லை, சித்தியால்தான்.

நவம்பர் 21, வெள்ளி

அப்பாவே அழைத்தார். குரல் சரியில்லை. அபூ ஸுஹைபின் மகள் ரனீமுக்கு இங்கே துறைமுகத்தில் வேலை கிடைத்திருக்கிறதாம். அனுப்ப முடியவே முடியாது என்றிருந்த அபூ ஸுஹைப், அரீஜின் சித்தி வீடு இருக்கிறதே, அங்கே தங்கட்டுமா என்று கேட்டு வந்தாராம். இப்போதும் எங்கள் கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாராம்.

"என்னம்மா சொல்றது அவர்கிட்ட?"

உண்மையைச் சொல்லுங்கள், நீங்கள் கட்டிய பொய்தானே என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அப்பாவின் முகத்திரை கிழியும். கிழியட்டும். ஆனால் ரனீம் வீட்டிலேயே கிடப்பாள்.

"சித்தி வரச் சொன்னாங்கன்னு சொல்லுங்க."

அப்பா, கிட்டத்தட்ட கெஞ்சுகிற குரலில், "சித்தி பேரு என்னன்னு கேட்டா?" என்றார்.

"அரீஜ்னு சொல்லுங்க."