தண்ணீர் கேட்கிறான் என்று சொன்னேன்

இன்று காலை தொழிற்சாலையின் உடைமாற்றும் அறையில், பக்கத்தில் நின்றவன் தோளுக்கு நோத்தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான். கற்பூரமும் புதினாவும் கலந்த அந்தக் கார வாசம் மூக்கில் ஏறியதும், சட்டைப் பொத்தானில் என் கை அப்படியே நின்றுவிட்டது. போட்டி நாட்களில் உன் தொடைகளில் இருந்து வருகிற வாசம் அது. "உடம்பு சரியில்லையா?" என்று அவன் டேனிஷில் கேட்டான். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். பகல் முழுக்க உன்னோடுதான் கதைத்துக்கொண்டிருந்தேன், மச்சான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஹேர்னிங்கில் நாங்கள் அந்த அமெரிக்கன் ஃபுட்போல் கழகத்தில் சேர்ந்தபோது இருவருக்கும் பதினாறு வயது. உன் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "உதைபந்து எண்டால் விளங்கும். பந்தைக் கக்கத்துக்குள்ளை வைச்சுக்கொண்டு ஓடுறதுக்கும் ஃபுட்போல் எண்டோ பேர்?" என்று கேட்டார். பயிற்சியாளர் எங்களை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். என் பருமனுக்கு என்னை முன்வரிசையில் நிறுத்தினார். உன்னை ரன்னிங் பேக் ஆக்கினார். பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு எதிரணிக்காரரின் நடுவே புகுந்து ஓடுவது உன் வேலை. உனக்கு முன்னால் நின்று, வருகிறவனைத் தள்ளி, ஒரு ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி உண்டாக்குவது என் வேலை. அணியில் தமிழர் நாங்கள் இருவர் மட்டும்தான். மைதானத்தில் தமிழில் கத்துவோம். "இடப்பக்கம் விடு!" என்பாய். எதிரணிக்கு ஒன்றும் புரியாது. எங்கள் அணிக்கும்தான்.

நாற்பது பேர் பார்க்க, சொந்தக் காரில் எஸ்பியர்க் வரை போய் விளையாடிவிட்டு வருவோம். அப்படி இருந்த உன்னை, இருபத்திரண்டு வயதில் ஜெர்மனியில் ஒரு அணி சம்பளத்துக்கு எடுத்தது. அங்கே ஆயிரக்கணக்கில் ஆட்கள். முதல் போட்டி முடிந்ததும் எனக்குத்தான் போன் எடுத்தாய். "மச்சான், என்ரை பேரை ஒருத்தனும் சரியாச் சொல்லுறானில்லை. ஆனா எல்லாரும் கத்துறாங்கள்!" பிறகு குரலைத் தாழ்த்தி, "இருபத்தெட்டு வயசிலை எங்களுக்குப் பென்சன். அதுக்குள்ளை ஓட வேணும்" என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்சம் எரிச்சலும் இருந்தது. இப்போது அதை மறைத்து என்ன பயன்?

உன் மூன்றாவது வருடக் கோடையில் டென்மார்க் அணிக்காக விளையாட வந்தாய். நானும் அந்த அணியில் இருந்தேன். மழை. மூன்றாம் கட்டத்தில் இரண்டு பேர் இரு பக்கமும் இருந்து உன்மேல் மோதினார்கள். உன் தலை தரையில் அடித்த சத்தம் எனக்குக் கேட்டது. எழும்பினாய். எழும்பி, எதிரணி கூடி நின்ற இடத்துக்கு நடந்து போனாய். நான் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"மச்சான், இண்டைக்கு நாங்கள் ஆரோடை விளையாடுறம்?" என்றாய்.

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். பிறகு உன் கண்ணைப் பார்த்தேன்.

அணியின் மருத்துவ உதவிக்காரி வந்து டேனிஷில் கேள்வி கேட்டாள். நீ தமிழில் பதில் சொன்னாய். அவள் மறுபடி கேட்டாள், மறுபடியும் தமிழ். நீ பிறந்து வளர்ந்த நாட்டின் மொழி அந்த நேரத்தில் உன்னிடம் இல்லை. அவள் என் பக்கம் திரும்பி, "என்ன சொல்கிறான்?" என்று கேட்டாள்.

நீ சொன்னது இதுதான்: "சொல்லாதை மச்சான். அடுத்த வருசத்துக் கொன்ராக்ட் இன்னும் எழுதேல்லை. தலை சுத்துது, ஆனா சொல்லாதை."

"தண்ணீர் கேட்கிறான்" என்றேன்.

அவள் தண்ணீர் கொடுத்தாள். குடித்தாய். நாலு நிமிடம் கழித்து நான் திறந்துவிட்ட இடைவெளிக்குள்ளால் ஓடிப்போய்ப் புள்ளி எடுத்தாய். எல்லோரும் உன்மேல் விழுந்து கட்டிப்பிடித்தார்கள். நானும்தான். ஒப்பந்தம் கிடைத்தது. இன்னும் மூன்று பருவங்கள் ஓடினாய்.

இருபத்தெட்டில் ஹேர்னிங்குக்குத் திரும்பி வந்தாய். உன் அறையின் திரைச்சீலை பகலிலும் மூடியே கிடந்தது. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்றாய். களஞ்சிய வேலை ஒன்று இரண்டு மாதம் நிலைத்தது. ஒருநாள் மத்தியானம் போன் எடுத்தாய். "விபோர்க்கிலை நிக்கிறன் போல கிடக்கு. ஏன் வந்தனான் எண்டு தெரியேல்லை. நீ வாறியா?" வந்தேன். சுற்றுவட்டத்துக்குப் பக்கத்தில் காரை நிறுத்திவிட்டு, தொலைந்த பிள்ளை மாதிரிக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாய்.

நரம்பியல் மருத்துவரிடம் உன்னோடு வந்தபோது அந்தப் போட்டியைப் பற்றி அவரிடம் தனியாகச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தட்டெழுதினார். ஒரு அடியைக் குறித்துச் சொல்ல முடியாது, பதினாறு வயதிலிருந்து எத்தனையோ அடிகள், என்றார். குற்றம் என் மேல் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எது சொல்லியிருந்தாலும் பிடித்துக்கொண்டிருப்பேன்.

கடைசியில் உன்னிடமே சொன்னேன். உன் சமையலறையில், தேத்தண்ணி ஆறிக்கொண்டிருக்க. "அண்டைக்கு நான் உண்மையைச் சொல்லியிருக்க வேணும் மச்சான்."

"எந்த மேட்ச்?" என்றாய்.

மழை, டென்மார்க் அணி, நீ எடுத்த புள்ளி, ஒவ்வொன்றாகச் சொன்னேன். என்னைச் சந்தோசப்படுத்தப் பார்த்துத் தலையாட்டினாய். "நல்லா ஓடினனானோ?" என்று கேட்டாய். ஓம் என்றேன். மன்னிக்கக்கூடிய ஒரே ஆள் நீ. உனக்கு அந்த நாளே இல்லை.

மாசி மாதத்தில் வீட்டுப் படியில் விழுந்தாய். மூளைக்குள் இரத்தம் கசிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் நாலாம் நாள் மருத்துவர் எங்களை உட்காரச் சொல்லி, டேனிஷில் விளக்கினார். முப்பது வருடம் முதியோர் இல்லத்தில் டேனிஷ் கதைத்து வேலை செய்த உன் அம்மா, என் கையைப் பிடித்து, "எனக்கு ஒண்டும் ஏறுதில்லைத் தம்பி. நீ தமிழிலை சொல்லு" என்றார்.

சொன்னேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. இனி எழும்ப மாட்டான், மூச்சை இயந்திரம்தான் விடுகிறது, நாளைக்கு அதை நிறுத்த யோசிக்கிறார்கள். அவர் என் முகத்தையே பார்த்தார். "வடிவாக் கேட்டனியோ? திருப்பிச் சொல்லச் சொல்லு." மருத்துவர் திருப்பிச் சொன்னார். நானும் திருப்பிச் சொன்னேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவரிடம் போகிறேன். மைதானத்துப் பக்கமே வராதவர், இப்போது உன் போட்டிகளை ஒவ்வொன்றாகக் கேட்கிறார். எத்தனை பேர் தடுத்தார்கள், நீ எந்தப் பக்கத்தால் போனாய், விழுந்தால் எப்படி எழும்புவாய். நினைவில் இருப்பதை எல்லாம் சொல்கிறேன். எனக்குத் தெரிந்தவற்றில் இன்னும் சில போட்டிகள்தான் மிச்சம். போன கிழமை சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டார்:

"டென்மார்க்குக்காக விளையாடினவன் எல்லோ, அதை நீ இன்னும் சொல்லேல்லை. நீயும் பக்கத்திலை நிண்டனி தானே?"

"ஓம் அன்ரி, நிண்டனான்" என்றேன். அவர் கரண்டியைக் கையில் பிடித்தபடி, மிச்சத்துக்குக் காத்துக்கொண்டு நின்றார்.