தங்கச்சிக்கு விழாத ஓட்டு

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுறேன். நாங்க நல்லா இருக்கோம், உங்கப்பாவோட முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு இருக்கு. நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குறேன்னு நம்பிக்கிட்டு இருக்கேன், அந்த நம்பிக்கையைக் கெடுத்துடாதே.

விருது என்னாச்சுன்னு நீ போன்ல கேட்டப்ப உன் தங்கச்சி பேச்சை மாத்திட்டாளாமே, அதான் நானே எழுதுறேன். கிடைக்கலைப்பா. ராக் பாட்டுக்கான விருது, அஞ்சு பேர் போட்டி, யார் வேணும்னாலும் போன்ல ஓட்டுப் போடலாம். பட்டியல்ல கடைசியா இவ பாடுற குழு, முதல்ல நம்ம தாலாட்டு மன்னர். அதாம்ப்பா, உன்னைத் தூங்க வைக்க நான் ரேடியோவுல போடுவேனே, அந்தக் குழைவான குரல்காரர். இந்த வருஷம் ஒரே ஒரு பாட்டுல பின்னாடி கிடாரை அலற விட்டாராம், உடனே அவரையும் ராக்ல சேர்த்துட்டாங்க. ஜனங்க பட்டியலைத் திறந்தாங்க, தெரிஞ்ச பேரு ஒண்ணு இருந்துச்சு, அமுக்கிட்டு வேலையைப் பார்க்கப் போயிட்டாங்க. மத்த நாலு பேரோட பாட்டை யாரு கேட்டா? ஊராரை ஏன் சொல்லணும், உன் சித்தப்பாவே வந்து, ஓட்டுப் போட்டாச்சு அண்ணின்னு பெருமையா சொன்னார். யாருக்குன்னு கேட்டா, நம்ம பொண்ணு பேரையே காணோம், சரி தெரிஞ்சவருக்கே போட்டுட்டேன்னார். குழு பேருலதான் இருக்கும்னு சொன்னதும் அவர் முகத்தைப் பார்த்திருக்கணும் நீ. உன் தங்கச்சி விழுந்து விழுந்து சிரிச்சா, அப்புறம் மாடிக்குப் போனவ ரொம்ப நேரம் இறங்கி வரலை. இதுவும் இல்லைன்னா பாட்டை மூட்டை கட்டிடுவேன்னு முன்னாடியே சொல்லியிருந்தா, எனக்கு அதுதான் பயம்.

விழாவுக்கு எல்லாரும் போனோம். மன்னர் வரவே இல்லை, மேனேஜர்தான் வாங்கிட்டுப் போனார். மன்னர் பாட வேண்டிய நேரம் காலியாக் கிடக்கவும் விழா ஏற்பாடு பண்ணினவர் ஓடி வந்து இவ குழுவைப் பாடச் சொன்னார். ஓட்டையை அடைக்க நாங்க என்ன கந்தல் துணியான்னு டிரம்ஸ் வாசிக்கிறவர் எகிறிட்டார். உன் தங்கச்சியோ, அவங்களுக்குத்தான் இது காலி நேரம், நமக்கு ஒரு முழுப் பாட்டுன்னு சொல்லிட்டு மைக்கைப் பிடிச்சா பாரு! முன் வரிசையில காதைப் பொத்தினவங்களும் உண்டு. ஆனா பின் வரிசை மொத்தமும் எழுந்துடுச்சு. உங்கப்பா நாற்காலி மேலயே ஏறிட்டார், இறக்கத்தான் ஆள் தேட வேண்டியதாப் போச்சு.

மறுநாள் இவளுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. வேலை பார்க்குற பல் ஆஸ்பத்திரி வரவேற்புல உக்காந்து நோயாளிங்களைக் கைதட்டித்தான் கூப்பிட்டாளாம். அதுல ஒரு அம்மா, வாய் நிறையப் பஞ்சோட, நேத்து பாடினது நீதானே, உங்க குழு பேரென்னன்னு கேட்டாங்களாம். இவளுக்குக் குரல் இல்லை, அவங்களுக்கு வாய் இல்லை, கடைசியில எழுதிக் காட்டினாளாம்.

பாட்டை விடப் போறியான்னு நான் எதுவும் கேட்டுக்கலை. இப்ப மாடியில புதுசா எதையோ பாடிப் பாத்துக்கிட்டு இருக்கா. ஒரு வரிகூட எனக்குப் புரியலை, ஆனா சத்தம் நின்னாத்தான் கை எழுதாம நின்னுடுது.

நீ மனசு நிறைஞ்சு, நோய்நொடி இல்லாம இருக்கணும்ப்பா. அவளுக்குப் போன் பண்ணினா ஆறுதல் மட்டும் சொல்லிடாதே. புதுப் பாட்டு எதுவரைக்கும் வந்திருக்குன்னு கேளு.

உன் நினைப்பாவே இருக்கிற,
அம்மா